கடைக் கணக்கு கடையிலேயே இருக்கட்டும்!

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணிக்குப் போயிருக்கிறீர்களா? மலையில் ஏறினாலும் காவடி. மலையை விட்டு இறங்கினாலும் காவடி. ஊருக்கு வரும் சாலை எல்லாம் மஞ்சள் துணியாகத் தெரியும்.

அப்படி ஒரு கிருத்திகை நாள். கூட்டத்தில் சிக்கி, வெயிலில் வதங்கி, சோளிங்கர் சாலை வழியாகத் திரும்பிக் கொண்டிருந்தேன். கே.ஜி.கண்டிகையில் ஒரு மளிகைக் கடை கண்ணில் பட்டது. வண்டியை நிறுத்தி ஒரு பன்னீர் சோடா கேட்டேன்.

கடைக்கார அம்மாள் சோடாவை எடுத்துக் கொடுத்தார். ஆனால் பார்வை எல்லாம் கையில் இருந்த செல்போன் மேல்தான். எதிரே ஒரு பெரியவர் நின்று கொண்டிருந்தார். அவருக்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் பையில் போட்டாகிவிட்டது. கடன் கணக்கில் எழுதுவது ஒன்றுதான் பாக்கி.

"பழைய பாக்கி எவ்வளவும்மா இருக்கு?"

"இருங்க பெரியவரே. டவர் கிடைக்கலை. சர்வர் இல்லைன்னு வருது."

போனில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக் கொண்டே இருந்தது. திருவிழாக் கூட்டம் அத்தனையும் ஒரே நேரத்தில் போனை எடுத்தால் டவர் என்ன செய்யும், பாவம்!

எனக்குச் சோடா இறங்கவில்லை. கடை இங்கே இருக்கிறது. அரிசி இங்கே இருக்கிறது. கடன் கொடுத்தவர், வாங்கியவர் இருவரும் மூன்று அடி தூரத்தில் எதிரும் புதிருமாக நிற்கிறார்கள். கணக்கு மட்டும் எங்கேயோ கண் காணாத இடத்தில்! இது என்ன கூத்து?

சர்வர் என்றால் ஓட்டலில் இட்லி கொண்டு வருபவர் அல்ல. ஆனால் வேலை ஏறக்குறைய அதுதான். எங்கோ ஓர் ஊரில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில்தான் கணக்கு முழுவதும் இருக்கிறது. நம் போன் "பெரியவர் பாக்கி எவ்வளவு?" என்று கேட்டால், அது எடுத்துக் கொடுக்கும். நடுவே கம்பி அறுந்தால், டவர் திணறினால், பதில் வராது. வீட்டில் நாமே வடித்த சோற்றைப் போட்டுக்கொள்ள எதற்குச் சர்வர்?

போர்க்கப்பலில் வந்த யோசனை

இந்தக் கேள்வியை என்னைவிடப் பெரிய ஆள் ஒருவர் முன்பே கேட்டிருக்கிறார். அவர் பெயர் ரிச்சர்டு ஹிப். அமெரிக்கர்.

2000-ம் ஆண்டு அவர் அமெரிக்கக் கடற்படைக்கான ஒரு வேலையில் இருந்தார். 'ஆஸ்கார் ஆஸ்டின்' என்ற நாசகாரிக் கப்பலுக்கான புரோகிராம் அது. கப்பலில் அடிபட்டுக் குழாய்கள் உடைந்தால், எந்த வால்வை மூட வேண்டும், எந்த வழியைத் திறக்க வேண்டும் என்று அது சொல்ல வேண்டும். அதற்கான தகவல் எல்லாம் ஒரு சர்வரில் இருந்தது. சர்வர் நின்றுபோனால்? "தொடர்பு கொள்ள முடியவில்லை" என்று திரையில் எழுத்து வரும். கப்பலில் தண்ணீர் ஏறும்போது இந்தப் பதிலை வைத்துக் கொண்டு மாலுமி என்ன செய்வான்?

ஹிப் யோசித்தார். தகவலைப் படிக்கத்தானே போகிறோம்? நடுவே ஒரு சர்வர் எதற்கு? புரோகிராமே நேராக டிஸ்கில் இருக்கும் பைலைத் திறந்து படித்தால் என்ன?

அந்த யோசனையில் பிறந்ததுதான் 'எஸ்.கியூ.லைட்'. 2000-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் பதிப்பு வெளிவந்தது. இது தனியாக ஓடும் சர்வர் அல்ல. செயலிக்கு உள்ளேயே உட்கார்ந்து கொள்ளும் சின்ன டேட்டாபேஸ். கணக்கு முழுவதும் ஒரே பைலில் இருக்கும். யாரும் காசு கொடுக்க வேண்டாம். அனுமதியும் கேட்க வேண்டாம். அதை எழுதியவர்கள் உரிமையை விட்டுக் கொடுத்து, உலகத்துக்கே பொதுச் சொத்தாக்கி விட்டார்கள்.

உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனிலும் அது இருக்கிறது. ஆண்டிராய்டு ஆனாலும் சரி, ஐபோன் ஆனாலும் சரி. உலகத்தில் இப்படி ஒரு லட்சம் கோடிக்கு மேற்பட்ட டேட்டாபேஸ்கள் புழங்குவதாக அதை நடத்துகிறவர்களே கணக்குச் சொல்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், தகவல்களைப் பல காலம் பாதுகாத்து வைக்க ஏற்ற பைல் வகைகளில் ஒன்றாக இதைச் சேர்த்திருக்கிறது.

அப்படியானால் கண்டிகை மளிகைக் கடைக்கு இது போதாதா? தாராளமாகப் போதும். மலைக்கு ஏறும் படிகள் 365 என்பார்கள். படிக்கு ஆயிரம் வரி என்று வைத்துக் கணக்கு எழுதினாலும் அந்தச் சின்னப் பெட்டிக்கு மூச்சு வாங்காது.

அக்காள் மகன்

அன்று கடையில் அம்மாளின் அக்காள் மகனும் இருந்தான். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறான். திருத்தணியில் தினமும் ரெயில் ஏறும் பையன். "தம்பி, சித்திக்கு நீயே ஒரு செயலி எழுதிக் கொடுக்கக் கூடாதா?" என்றேன்.

"எழுதலாம் சார். சர்வருக்கு மாதா மாதம் வாடகை கட்டணுமே?" என்றான்.

இதுதான் வருத்தம். நானும் கல்லூரியில் கொஞ்சம் கம்ப்யூட்டர் படித்தவன்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். டேட்டாபேஸ் என்றாலே சர்வர், வாடகை, பாஸ்வேர்டு, இருபத்து நாலு மணி நேர இணையம் என்று நம் பிள்ளைகள் மனத்தில் பதிந்து கிடக்கிறது. மாட்டு வண்டி போதும் என்கிற இடத்தில் கூட்ஸ் ரெயிலை ஓட்டப் பார்க்கிறார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்து அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். புரோகிராம் எழுதும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் இதைக் காட்டுங்கள்.

தொடங்குவது மிக எளிது. பைத்தான் மொழி தெரிந்தவர்களுக்கு எதையும் புதிதாக நிறுவ வேண்டியதே இல்லை. 2006-ம் ஆண்டிலிருந்து எஸ்.கியூ.லைட் அதோடு சேர்ந்தே வருகிறது. பைலின் பெயரைச் சொல்லித் திற என்றால் திறக்கும். பைல் இல்லை என்றால் தானே உண்டாக்கிக் கொள்ளும். பிறகு 'கிரியேட் டேபிள் இஃப் நாட் எக்சிஸ்ட்ஸ்' என்று எழுதி அட்டவணை போட வேண்டும். 'முன்பே இல்லாவிட்டால் மட்டும் உண்டாக்கு' என்று அதற்குப் பொருள். வாடிக்கையாளருக்கு ஓர் அட்டவணை, சரக்குக்கு ஒன்று, பற்று வரவுக்கு ஒன்று. மூன்று போதும்.

எளிது என்று சொன்னேன் அல்லவா? ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் ஓடிவிடும். ஓடுகிறதே என்று விட்டுவிட்டால், ஐந்தாவது மாதம் கழுத்தை அறுக்கும்.

முதலில் ரூபாய் விஷயம். ரூபாயைப் புள்ளி வைத்த எண்ணாக எழுதாதீர்கள். கம்ப்யூட்டர் புள்ளி எண்ணைத் தோராயமாகவே வைத்துக் கொள்ளும். கூட்டக் கூட்டப் பைசா பிசகும். எல்லாவற்றையும் பைசாவாக மாற்றி முழு எண்ணாக எழுதுங்கள். 12 ரூபாய் 50 காசு என்றால் 1250.

இன்னொரு வேடிக்கை. எண் வர வேண்டிய கட்டத்தில் 'நூறு' என்று எழுத்தில் எழுதினாலும் எஸ்.கியூ.லைட் மறுக்காமல் வாங்கி வைத்துக் கொள்ளும்! அவ்வளவு நல்ல மனசு. 2021-ம் ஆண்டு முதல் 'ஸ்டிரிக்ட்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து அட்டவணை போட்டால் கறாராக நடந்து கொள்ளும். அதேபோல, இல்லாத வாடிக்கையாளர் பெயரில் கடன் எழுதினால் தடுக்க வேண்டும் அல்லவா? 'ஃபாரின் கீஸ்' என்ற காவலை ஒவ்வொரு முறை பைலைத் திறக்கும்போதும் நாமே போட்டுவிட வேண்டும். சொல்லாவிட்டால் காவலாளி தூங்குவான்.

அடுத்தது, பாதியில் நிற்கும் வேலை. ஒரு கிலோ பருப்பு கடனுக்குப் போகிறது. சரக்கில் ஒரு கிலோ குறைய வேண்டும். பெரியவர் பெயரில் பாக்கி ஏற வேண்டும். முதல் வேலை முடிந்து, இரண்டாவது தொடங்கும் முன் போனில் சார்ஜ் தீர்ந்து விட்டால்? பருப்பும் போச்சு, பாக்கியும் போச்சு! அதனால் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட வேண்டும். 'பிகின்' என்று தொடங்கி 'கமிட்' என்று முடிக்க வேண்டும். நடந்தால் இரண்டும் நடக்கும். நடக்காவிட்டால் இரண்டும் நடக்காது. சாதாரண பைலில் கணக்கு எழுதுவதற்கும் டேட்டாபேசில் எழுதுவதற்கும் உள்ள பெரிய வித்தியாசமே இந்த முடிச்சுதான்.

கனகா முதலா, கமலா முதலா?

இனி வருவது நம் ஊருக்கே உரிய சங்கதி. ஆங்கிலத்தில் எழுதிய பாடங்களில் இதைத் தேடினால் கிடைக்காது.

கடன் பட்டியலைப் பெயர் வரிசைப்படி போடச் சொல்லுங்கள். கனகா முதலில் வருவாள். கமலா பின்னால் வருவாள். தமிழ் அகராதியைப் பாருங்கள். மகரம் முன்னால், றகரத்துக்கு அடுத்த 'ன' கடைசியில். கமலாதான் முதலில் வர வேண்டும். பிறகு ஏன் இப்படி?

கம்ப்யூட்டருக்கான யூனிகோடு எழுத்து அட்டவணையில் 'ன' என்ற எழுத்தை 'ந'வுக்குப் பக்கத்திலேயே வைத்து விட்டார்கள். எஸ்.கியூ.லைட் அந்த எண்களைப் பார்த்துத்தான் வரிசைப்படுத்தும். தொல்காப்பியர் சொன்ன வரிசை அதற்குத் தெரியாது. புள்ளி எழுத்திலும் இதே தகராறு. பக்கிரி முதலில் வர வேண்டும், பகவதி பிறகு வர வேண்டும். அது பகவதியை முன்னால் தள்ளும்.

இதற்கு வழி இருக்கிறது. ஆண்டிராய்டு போனில் 'லோக்கலைஸ்டு' என்ற வரிசை முறையைக் கேட்டு வாங்கலாம். போனில் வைத்திருக்கும் மொழிக்கு ஏற்ப அது நடந்து கொள்ளும். மற்ற இடங்களில் நம் வரிசையை நாமே ஒரு சின்ன விதியாக எழுதிக் கொடுத்தால் எஸ்.கியூ.லைட் ஏற்றுக் கொள்ளும்.

வரிசை தவறினால் தேடிக் கண்டுபிடித்து விடலாம். இதைவிடப் பெரிய வம்பு ஒன்று உண்டு. கோவிந்தன் என்ற பெயரில் முதல் எழுத்து 'கோ'. ககரத்தின் மேல் ஒரே குறியாகவும் அதைக் கம்ப்யூட்டரில் எழுதலாம். முன்னால் ஓர் இரட்டைக் கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். டேட்டாபேசுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள்! ஒரே கோவிந்தனுக்கு இரண்டு கணக்கு விழும். அவர் வாங்கிய கடன் ஒன்றில் ஏறும். கட்டிய பணம் மற்றொன்றில் ஏறும். "கட்டிட்டேனே அம்மா" என்பார் அவர். "கணக்கில் இல்லையே" என்பார் அம்மாள். பல வருடப் பழக்கம் ஒரு குறியில் உடையும். எழுதுவதற்கு முன்பே எழுத்தை ஒரே வடிவுக்குக் கொண்டு வந்துவிட வேண்டும். ஒரே ஒரு வரி வேலைதான்.

தெலுங்கில் பெயர் எழுதலாமா என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதிதான் திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக் கோடு மாறினாலும் வாடிக்கையாளர்கள் மாறவில்லை. நகரிப் பக்கத்து ஆட்கள் இன்றும் இந்தப் பக்கம் வந்து போகிறார்கள். தமிழும் தெலுங்கும் ஒரே பைலில் அருகருகே இருக்கலாம். டேட்டாபேஸ் சண்டை போடாது.

கொட்டிவிட்டுக் கழுவும் வைத்தியம்

இன்னும் ஒன்றுதான். செயலியை இன்று எழுதுகிறோம். ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளர் அட்டவணையில் போன் நம்பருக்கு ஒரு கட்டம் வேண்டும் என்று தோன்றும். அப்போது என்ன செய்வது? இணையத்தில் காட்டும் மாதிரிப் பாடங்கள் பலவற்றில் ஒரு பயங்கர வைத்தியம் இருக்கிறது. பழைய அட்டவணையை அழித்து விட்டுப் புதிதாகப் போடு என்கிறார்கள்! மாணவன் அதை அப்படியே எழுதி வைக்கிறான். கடைக்கார அம்மாள் செயலியைப் புதுப்பித்த அன்றே ஊரார் கடன் எல்லாம் தள்ளுபடி! பாத்திரம் கழுவச் சொன்னால், குழம்பைக் கொட்டிவிட்டுக் கழுவுகிற கதைதான்.

பைலுக்குள்ளேயே 'யூசர் வெர்ஷன்' என்று ஓர் எண் வைக்க இடம் இருக்கிறது. இது எத்தனையாவது அமைப்பு என்று அதில் எழுதி வையுங்கள். திறந்தவுடன் அந்த எண்ணைப் பாருங்கள். பழைய எண்ணாக இருந்தால், இருக்கும் அட்டவணையோடு ஒரு கட்டத்தைச் சேர்த்து, எண்ணை உயர்த்துங்கள். அழிக்கும் பேச்சே வேண்டாம்.

இப்படி எல்லாம் சொன்னதால் சர்வருக்கு நான் எதிரி என்று நினைக்காதீர்கள். நாலு ஊரில் கிளை வைத்திருக்கும் கடைக்குச் சர்வர்தான் சரி. ஒரே நேரத்தில் பலர் எழுதும் இடத்துக்கு எஸ்.கியூ.லைட் ஏற்றது அல்ல. ஒரு சமயத்தில் ஒருவர்தான் அதில் எழுத முடியும். அந்தப் பைலை நெட்வொர்க்கில் பொதுவாக வைத்து நாலு கம்ப்யூட்டரிலிருந்து திறப்பதும் தப்பு. போன் கிணற்றில் விழுந்தால், உள்ளே இருக்கும் கணக்கும் கிணற்றில்தான். அதற்கு நகல் எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். ஊரார் பெயரும் கடனும் இருக்கும் பைல் அது. சும்மா விட்டால் யார் கைக்குப் போனாலும் படித்து விடலாம். பூட்டிட்டு வைப்பதும் நம் பொறுப்பு.

ஆனால் கணக்கின் முதல் வீடு கடையாக இருக்க வேண்டும். டவர் இருக்கும்போது நகல் வெளியே போகட்டும். இல்லாதபோது வியாபாரம் நிற்கக் கூடாது. இன்று விற்கும் எத்தனையோ செயலிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. ஏழை பாழை வாங்கிய உப்பு, புளிக் கணக்கைத் தங்கள் கம்ப்யூட்டரில் வைத்துக் கொண்டு, கடைக்காரரை வாசலில் நிற்க வைக்கின்றன. மாதச் சந்தா நின்றால் கதவையும் சாத்திவிடலாம். சொந்தக் கணக்கைப் பார்க்க ஒருவர் வாடகை கொடுப்பதா? அந்த ஏற்பாட்டைத்தான் ஒப்புக் கொள்ள முடியவில்லை.

டிசம்பர் 31

படித் திருவிழாவுக்காக டிசம்பர் 31-ந் தேதி மறுபடியும் திருத்தணிக்குப் போனேன். போகும் வழியில் கண்டிகையில் இறங்கினேன். தம்பி செயலியை எழுதி முடித்துக் கடையில் ஓட விட்டிருந்தான். போனில் டவர் கோடு ஒன்றுகூட இல்லை. கணக்கு மட்டும் தொட்டவுடன் வந்தது. எனக்கு ஒரே மகிழ்ச்சி.

அம்மாளுக்கு மகிழ்ச்சி இல்லை. "சார், நாலு நாள் கணக்கைக் காணோம்" என்றார்.

விசாரித்தேன். முந்தின நாள்தான் புதுப் போன் வாங்கியிருக்கிறார்கள். தம்பி எழுதி வைத்த 'நகல் எடு' என்ற பொத்தானை அழுத்தி, பைலைப் புதுப் போனுக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். பழைய கணக்கு எல்லாம் வந்துவிட்டது. கடைசி நாலு நாள் மட்டும் வரவில்லை. தம்பி முகம் செத்துப் போயிருந்தது.

காரணம் இதுதான். வேகத்துக்காக எஸ்.கியூ.லைட்டில் 'வால்' என்று ஒரு முறை உண்டு. 2010-ம் ஆண்டில் வந்தது. அந்த முறையில், புதிதாக எழுதுவது உடனே பெரிய பைலுக்குப் போகாது. பக்கத்தில் இருக்கும் ஒரு துணைப் பைலில் முதலில் விழும். ஓரளவு சேர்ந்த பிறகுதான் பெரிய பைலில் ஏறும். கடையில் அன்றாடம் சிட்டையில் எழுதிவிட்டுப் பிறகு பேரேட்டில் ஏற்றுவார்களே, அதே வழக்கம்தான். தம்பியின் பொத்தான் பேரேட்டை மட்டும் நகல் எடுத்தது. சிட்டை பழைய போனிலேயே நின்றுவிட்டது.

"பழைய போன் எங்கே? விற்றுவிட்டீர்களா?" என்று கேட்டேன். எனக்கும் நெஞ்சு படபடத்தது.

"இல்லைங்க சார். பாப்பா பாட்டு கேட்டுக்கிட்டு இருக்கா."

ஓடிப் போய் வாங்கி வந்தான் தம்பி. பழைய போனில் செயலியைத் திறந்ததும் நாலு நாள் கணக்கும் அப்படியே இருந்தது! அங்கேயே உட்கார்ந்து நகல் எடுக்கும் வரியை மாற்றினான். 'வேக்கும் இன்டூ' என்று ஒரு கட்டளை இருக்கிறது. சிட்டை, பேரேடு இரண்டையும் சேர்த்து முழுதாக ஒரே பைலாகத் தரும். 2019-ம் ஆண்டில் சேர்த்தது. அந்த நகலைப் புதுப் போனில் வைத்தான். காலையில் இருந்து புதுப் போனில் எழுதியிருந்த ஆறு வரியைக் கையால் மறுபடி எழுதினான்.

அதற்குள் அந்தப் பழைய பெரியவர் கடைக்கு வந்தார். ஆடிக் கிருத்திகை அன்று நின்றவரேதான்.

"பாக்கி எவ்வளவும்மா?"

அம்மாள் போனைப் பார்த்தார். "எழுநூத்தி நாற்பது, பெரியவரே."

பெரியவர் விரல் விட்டு எண்ணினார். தலையை ஆட்டினார். எண்ணெய்ப் பாத்திரத்தை நீட்டினார்.